பழைய ஷூ விற்றுக் கூடுதல் வருமானம்: 18 மாதக் கணக்கும் சில கேள்விகளும்

#1 மெதுவோட்டம் (தாம்பரம்)

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடமாக ஆன்லைனில் பழைய ஷூ வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறேன். முழுநேரமாக இல்லை, ஆபீஸ் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும்தான். யூடியூபில் "மாதம் 50,000" என்று சொல்கிறவர்களைப் பார்த்துவிட்டுப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதனால் என் நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

இதுவரை 41 ஜோடி. வாங்கியதற்கு 39,500 ரூபாய். சுத்தம், தையல், புது இன்சோல் (உள்ளே போடும் மெத்தை), கூரியர் எல்லாம் சேர்த்து 14,200. விற்று வந்தது 84,900. கையில் நின்றது 31,200. மாதத்துக்குச் சுமார் 1,700 ரூபாய். ஒரு ஜோடிக்கு மூன்று மணி நேரம் போகிறது, அந்தக் கணக்கில் மணிக்கு 250 ரூபாய். என் வீட்டு இன்டர்நெட், கேஸ், மகனின் கராத்தே ஃபீஸ் மூன்றும் இதில் நடக்கின்றன. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஆரம்பம் தற்செயல்தான். அரை சைஸ் சிறிதாக ஒரு ரன்னிங் ஷூ வாங்கி, இரண்டு தடவை ஓடிய பிறகு கட்டை விரல் நகம் கறுத்துப் போனது. திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிட்டது. எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன், அரை மணி நேரத்தில் ஒருவர் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது: சென்னையில் ஒவ்வொரு ஓட்டக்காரர் வீட்டிலும் 30, 40 கிலோமீட்டர் மட்டும் ஓடிய, காலுக்கு ஒத்துவராத ஷூ ஒன்றாவது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஒரு ரன்னிங் ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். 40 ஓடியது கிட்டத்தட்டப் புதுசு.

சரக்கு வருவது பெரும்பாலும் இந்த ஆட்களிடமிருந்துதான். வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள் அடுத்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடியிருக்கிறேன், ஆனால் அங்கே யார் போட்டது, எத்தனை வருடம் என்று எதுவும் தெரியாது. இப்போது குறைத்துவிட்டேன்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். பார்க்கப் புதிதாக இருக்கும் சில ஷூக்களின் சோல் திடீரென்று பொடிப்பொடியாக உதிர்வது ஏன்? வரி விஷயம் எப்படி? மூன்றாவது, "காலுறையும் உண்டா, துவைக்காமல் அனுப்புவீர்களா" என்று வரும் மெசேஜ்களை என்ன செய்வது?

#2 ஆம்பூர்_பேஸ்டிங்

வணக்கம் சகோ. நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் 11 வருடம் வேலை பார்த்தவன், அதில் ஏழு வருடம் சோல் ஒட்டும் பேஸ்டிங் செக்ஷன். உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

உதிர்வது பியூ சோல். பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதற்குள் போய், அந்தப் பொருளின் சங்கிலியையே மெல்ல அறுத்துவிடும். ஹைட்ராலிசிஸ் என்பார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கும். நம் ஊர்க் கடலோர ஈரத்திலும் சூட்டிலும் இன்னும் வேகமாக நடக்கும். "ஐந்து வருடமாகப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை, புதுசு சார்" என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் நீங்கள் பயப்பட வேண்டும். நான் பார்த்தவரை மூடி வைத்ததுதான் முதலில் போகிறது.

ரன்னிங் ஷூவின் நடுச் சோல் பெரும்பாலும் ஈவிஏ என்கிற வேறொரு நுரை. அது இப்படிக் கரையாது. அழுந்தி அழுந்தித் தட்டையாகும், பக்கவாட்டில் சுருக்கம் விழும், அவ்வளவுதான். டிரெக்கிங் பூட்ஸ், சேஃப்டி ஷூ, ஆபீஸ் ஷூ, பழைய காலத்துக் கூடைப்பந்து ஷூ, இவற்றில்தான் பியூ அதிகம்.

கண்டுபிடிக்கும் வழி: கையில் எடுத்தால் பியூ கொஞ்சம் கனமாக இருக்கும். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவை நன்றாக வளைத்துப் பாருங்கள். முடி போல வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். சோலின் ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்பாக இருந்தாலோ, அழுத்திய இடம் மாவு போல வந்தாலோ பணத்தைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் பல கம்பெனிகள் போடுகின்றன. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட பியூவை நான் என் தம்பிக்குக்கூட வாங்க மாட்டேன்.

உதிர்ந்ததை ஒட்டவே முடியாது. பசை பிடிக்க அங்கே பொருளே இல்லை. மேல்பாகம் நல்ல தோலாக இருந்தால் மட்டும் புது சோல் போடலாம்.

#3 மெதுவோட்டம் (தாம்பரம்)

அண்ணா, மிக்க நன்றி. நான் இதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. போன ஆடி மாதம் மதுரையில் ஒருவருக்கு ஒரு டிரெக்கிங் பூட்ஸ் 1,800 ரூபாய்க்கு அனுப்பினேன். அவர் கொல்லிமலை போயிருக்கிறார். ஆகாய கங்கைப் படிக்கட்டில் பாதி இறங்கும்போது வலது சோல் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. லேஸை அவிழ்த்து சோலைக் கட்டிக்கொண்டு, வழுக்கும் படியில் மேலே ஏறி வந்திருக்கிறார். போட்டோ அனுப்பினார். திட்டவில்லை. "உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்று மட்டும் எழுதினார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தையும் கூரியர் செலவையும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அங்கே அவர் விழுந்திருந்தால்?

அதிலிருந்து பூட்ஸ் வகையை நிறுத்திவிட்டேன். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் காரணம் புரிகிறது.

#4 நெல்லை_சீமை

யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் அடுத்தவர் காலில் கிடந்ததைப் போடவே விட மாட்டார்கள். கோயிலில் செருப்பு தொலைந்தால் "சனி விட்டது" என்று அம்மா சந்தோஷப்படுவார். அப்படியென்றால் அதை எடுத்துப் போட்டவனுக்கு? நம்பிக்கையை விடுங்கள், சுத்தம் என்று பார்த்தாலே எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டையைத் துவைக்கலாம். ஷூவின் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

#5 செவிலி_சாந்தா

தம்பி, நான் 20 வருடம் நர்ஸாக இருந்தவள். உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

சேற்றுப்புண் ஒரு பூஞ்சைத் தொற்று. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, அரித்து, தோல் உரியும். அந்த உரிந்த தோல் துணுக்கோடு பூஞ்சை ஷூவுக்குள்ளும் காலுறையிலும் தங்கும். வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. வெயில் ஈரத்தை எடுக்கும், ஷூவின் நுனிக்குள் வெயில் எப்படிப் போகும்?

விற்கிறவர் பழைய இன்சோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. துணி ஷூ என்றால் லேஸை உருவிவிட்டு சோப்புத் தண்ணீரில் உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நியூஸ்பேப்பரைத் திணித்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் முழுசாகக் காய வேண்டும். பேப்பர் நனைந்ததும் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு பூஞ்சைக்கு எதிரான பவுடரோ ஸ்பிரேயோ. காலுறை என்றால் 60 டிகிரி சூட்டில் துவைத்தால்தான் அந்தப் பூஞ்சை போகும், சாதாரணத் தண்ணீர் அலசலில் போகாது.

ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய் இருந்து, பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் யாராவது கேட்டால், லாபத்தைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய ஷூ முதலில் போட்டவரின் காலுக்கு ஏற்றபடி அழுந்தியிருக்கும். வேறொருவர் காலில் அது ஓர் இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும், உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியாது. சிறிய கொப்புளத்தில் ஆரம்பித்து விரலை எடுத்த கேஸ்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

#6 நெல்லை_சீமை

நன்றி அக்கா. போடுவேனா என்று கேட்டால் இன்னும் மாட்டேன், ஆனால் விற்கிறவர்களைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

#7 வைகைக்கரை

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெண்ணாக நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது நடந்தது.

என் வாக்கிங் ஷூ ஒன்றை ஒரு விற்பனைத் தளத்தில் 700 ரூபாய்க்குப் போட்டேன். முதல் நாளே நான்கு மெசேஜ். இரண்டு பேர் சைஸ் கேட்டார்கள். ஒருவன் "நீங்களே போட்டதா, காலில் போட்டபடி போட்டோ வேண்டும்" என்றான். இன்னொருவன் நேரடியாகவே கேட்டான்: மூன்று நாள் போட்டுத் துவைக்காத காலுறை, ஜோடிக்கு 1,500 ரூபாய். அந்த மாதம் எனக்கு வீட்டு வாடகைக்கு 2,000 ரூபாய் குறைந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு ஒழுக்கம் காரணமில்லை, பாதுகாப்புதான் காரணம். யுபிஐயில் பணம் வாங்கினால் வங்கியில் இருக்கும் என் முழுப்பெயர் அவனுக்குத் தெரிந்துவிடும். பார்சலில் அனுப்புநர் முகவரி இருக்கும். போன் நம்பர் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. இது மூன்றும் கிடைத்த பிறகு "அடுத்தது இதை அனுப்பு, இல்லாவிட்டால் உன் வீட்டில் சொல்வேன்" என்று ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன்? நான் பயந்தபடியே என் தோழி ஒருத்திக்கு நடந்தது. இரண்டு தடவை பணம் ஒழுங்காக வந்தது, மூன்றாவது தடவை மிரட்டல் வந்தது. பாவம், யாரிடமும் சொல்ல முடியாமல் ஒரு மாதம் அழுதாள். கடைசியில் 1930-க்குப் போன் செய்து, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுத்தோம். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருந்ததுதான் உதவியது. யாருக்காவது இப்படி வந்தால், கோபத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இதற்கென்றே தனித் தளங்கள் இருக்கின்றன, நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று இன்ஸ்டாவில் சொல்கிறார்கள். அங்கேயும் பெயரையும் முகவரியையும் மறைத்துத் தொழில் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. நம் ஊரில் ஒரு பெண் தன் பெயரிலுள்ள ஜிபேயில் அதைச் செய்வது ஆபத்து.

#8 மெதுவோட்டம் (தாம்பரம்)

தோழி, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் தோழிக்கு நீங்கள் துணையாக நின்றது பெரிய விஷயம். எனக்கு வந்த மெசேஜ்களை நான் சும்மா கடந்துபோனேன், ஒரு பெண்ணுக்கு அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசிக்கவே இல்லை.

இனி என் பதிவுகளில் "காலுறை விற்பதில்லை, காலில் போட்ட படம் அனுப்புவதில்லை" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். துவைத்த பழைய காலுறைக்கு எப்படியும் விலை இல்லை. நான் ஒவ்வொரு ஷூவோடும் ஒரு புதுக் காலுறை வைத்து அனுப்புகிறேன். மொத்தமாக வாங்கினால் ஜோடி 35 ரூபாய். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது முறை வாங்கியவர்கள் ஐந்து பேர்.

#9 லண்டன்_யாழ்

தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப 19 வருஷமாய் லண்டனில். நாங்கள் சப்பாத்து என்றுதான் சொல்லுவோம். இங்கே பழைய சப்பாத்து வாங்குவது விற்பது ஒரு வெட்கமான விஷயமே இல்லை. தெருவுக்குத் தெரு சாரிட்டி கடை, ஞாயிறு காலையில் ஆட்கள் காரின் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சேல், அதுக்கு மேல விண்டெட், ஈபே போன்ற இணையத் தளங்கள். நான் காலை ஆறு மணிக்கே கார் பூட்டுக்குப் போய்விடுவேன். நல்ல தோல் சப்பாத்து 5 பவுணுக்குக் கிடைக்கும், பொலிஷ் போட்டு 25-க்குக் கொடுப்பேன்.

இங்கே இருக்கிற எங்கட ஆட்களுக்கு ஒரு விஷயம். வியாபாரமாக வாங்கி விற்றால் வருஷத்தில் 1,000 பவுண் வரை வரும் வரவுக்கு வரி இல்லை. லாபம் இல்லை, மொத்த வரவு, கவனம். 2024 ஜனவரி முதல் இந்தத் தளங்கள் வருஷத்தில் 30 பொருளோ அதற்கு மேலோ விற்றவர்களின், அல்லது ஏறக்குறைய 1,700 பவுணுக்கு மேல் பெற்றவர்களின் விபரத்தை வரி இலாகாவுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் கிடந்த சொந்தச் சாமானை வாங்கின விலைக்குக் கீழே விற்றால் பயப்பட ஒன்றும் இல்லை.

#10 கணக்குப்பிள்ளை (கோவை)

வரியைப் பற்றி லண்டன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார், இந்தியப் பக்கத்தை நான் சொல்கிறேன். சுருக்கமாகத்தான், உங்கள் கணக்கை ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

நீங்கள் போட்ட ஷூவை நீங்கள் விற்பது சொந்த உபயோகப் பொருள். வருமான வரியில் அது மூலதனச் சொத்தே இல்லை, அதனால் வரிக் கவலை இல்லை. ஆனால் விற்பதற்கென்றே வாங்கினால் அது வியாபாரம், அதன் லாபம் வியாபார வருமானம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர் 1 என்ற வரிப் படிவம் அப்போது செல்லாது. மெதுவோட்டம் நண்பர் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி: பொருள் மட்டும் விற்பவருக்கு இங்கே வருடம் 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு வேண்டாம். ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு கைகொடுக்காது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்கும். பெங்களூருக்கு ஒரு பார்சல்தானே என்று அனுப்பும் பலருக்கு இது தெரியவில்லை. பணத்தையும் தானே வசூலித்துக் கொடுக்கும் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு முன்பு கட்டாயப் பதிவு இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்கு அதில் தளர்வு உண்டு, ஜிஎஸ்டி இணையதளத்தில் ஓர் எண் மட்டும் வாங்க வேண்டும்.

நாளை பெரிதாக வளர்ந்து பதிவு செய்தால், பழைய பொருள் வியாபாரிக்கென்று ஜிஎஸ்டி விதி 32(5) இருக்கிறது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம், வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாமல் இருந்தால். அதற்கு ஒவ்வொரு ஜோடிக்கும் வாங்கிய விலை எழுதியிருக்க வேண்டும். உங்கள் நோட்டு இருக்கிறதே, அதைத் தொடருங்கள்.

#11 வடசென்னை_கோல்

ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது ஒரிஜினல் போலவே செய்த போலி ஷூ பற்றி யாரும் பேசவில்லை. தெரியாமல் வாங்கி, ஒரிஜினல் என்று விற்றால் உங்கள் பெயர் கெடும். தெரிந்தே விற்றால் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம்.

நான் பார்ப்பது லேபிள். நைக்கியில் நாக்கின் உள்ளே இருக்கும் மாடல் எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண்ணை நெட்டில் தேடினால் அதே நிறத்தில் அதே ஷூ வர வேண்டும். அடிடாஸில் இடது ஷூ லேபிளிலும் வலது ஷூ லேபிளிலும் கடைசி வரிசை எண் வேறு வேறாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இது மட்டும் போதும் என்று சொல்லவில்லை, தையலையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தை சொல்கிறேன். அடியில் குமிழ் வைத்த கால்பந்து ஸ்டட் ஷூ. வியாசர்பாடிப் பக்கம் தெருவுக்கு ஒரு டீம் இருக்கிறது. பிள்ளைகள் கால் ஆறு மாதத்தில் ஒரு சைஸ் ஏறிவிடும். புதுசு 3,000 கொடுத்து யாராலும் வாங்க முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கோச்சிங்குக்கு ஒரு சீசன் போட்டுவிட்டுத் தூக்கி வைத்தது 400, 500-க்கு வந்தால் அன்றைக்கே போகும். எங்கள் கோச்சிடம் எப்போதும் பத்துப் பேர் பட்டியல் இருக்கும். அடியில் குமிழ் தேயாமல் இருக்க வேண்டும், முன்பக்கம் வாய் பிளக்காமல் இருக்க வேண்டும். வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

#12 புது_ஆள்_திருச்சி

நான் இப்போதுதான் ஆரம்பித்தேன். முதல் பதிவுக்கே ஒருவர் "ஆர்மியில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர், உடனே வேண்டும்" என்று ஐடி கார்டு படம் அனுப்பி, க்யூஆர் கோடு ஒன்று அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். இது சரியா?

#13 கணக்குப்பிள்ளை (கோவை)

செய்யாதீர்கள்! பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும். ராணுவ வீரர் என்று சொல்லும் இந்த ஏமாற்று பல வருடமாக நடக்கிறது. தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் யுபிஐ "கலெக்ட்" கோரிக்கையை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் க்யூஆர் வழி இன்னும் இருக்கிறது. உடனே பிளாக் செய்யுங்கள்.

#14 புது_ஆள்_திருச்சி

பிளாக் செய்துவிட்டேன். நன்றி ஐயா, கை நடுங்கிவிட்டது.

இன்னொன்று, கூரியர் கடையில் என் ஷூ 900 கிராம்தான் இருந்தது, இரண்டு கிலோ காசு கேட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

#15 மெதுவோட்டம் (தாம்பரம்)

இல்லை தம்பி, அது பெட்டியின் அளவுக்கான எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 33, 21, 12 உள்ள சாதாரண ஷூ பெட்டி 1.66 கிலோ ஆகிவிடும், அதை இரண்டாக ஏற்றிக் கேட்பார்கள். பெட்டி வேண்டாம் என்று வாங்குபவர் ஒப்புக்கொண்டால், ஷூக்களைத் தலைகீழாக ஒன்றோடொன்று சேர்த்து, உள்ளே பேப்பர் திணித்து, 30, 20, 10 அளவில் கட்டுங்கள். 1.2 கிலோதான் வரும். எனக்கு ஜோடிக்கு 40, 50 ரூபாய் இதில் மிஞ்சியது.

சைஸை மட்டும் நம்பாதீர்கள். யுகே 8 என்பது அடிடாஸில் ஐரோப்பிய அளவில் 42, நைக்கியில் 42.5. இன்சோலை வெளியே எடுத்து ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். வாங்குபவரைத் தன் பழைய இன்சோலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தொடங்கிய பிறகு சைஸ் சரியில்லை என்று எனக்கு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

படம் எடுக்கும்போது முதலில் குறையை எடுங்கள். குதிகால் தேய்மானம், உள்துணிக் கிழிசல், மஞ்சளான ஓரம். கல்யாண ஆல்பம் போல அழகான படம் பத்து போட்டபோது பேரம் பேசினார்கள். குறையைப் பெரிதாகக் காட்டிய பிறகு சொன்ன விலைக்கே எடுக்கிறார்கள்.

ஆம்பூர் அண்ணா, கடைசியாக ஒரு சந்தேகம். ஒரு ரன்னிங் ஷூ முன்பக்கம் வாய் பிளந்து வந்திருக்கிறது, சோல் ஈவிஏதான், நகம் வைத்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவர் தையல் போடலாம் என்கிறார். போடலாமா?

#16 ஆம்பூர்_பேஸ்டிங்

தைக்காதீர்கள் சகோ. ஈவிஏ மிருதுவானது, நூல் அதை அறுத்துக்கொண்டு போகும். ரப்பர் சோலுக்கும் தோல் ஷூவுக்கும்தான் பெரியவரின் தையல் நிற்கும்.

பழைய பசையை எமரி பேப்பரால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். தூசு இருக்கக்கூடாது. பியூ பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, ஒட்டாமல் 15 நிமிஷம் விடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதால்தான் எல்லோருக்கும் பிய்கிறது. அப்புறம் ஹேர் டிரையரில் சூடு காட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒட்டி, முழு பலத்தோடு அழுத்தி, ரப்பர் கயிறு சுற்றி ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். கம்பெனியிலும் இதுதான், மெஷின் மட்டும் வேறு. அந்தப் பசை சூட்டில் இளகும், அதனால் வெயிலில் நிற்கும் காருக்குள் ஷூவை விடக்கூடாது என்று வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒட்டும் முன்னால் பிளந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பசை மேல்பாகத்தோடு போயிருக்கிறதா, சோலோடு போயிருக்கிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் அதிகம் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.